மன்குர்த்: தகப்பன் பெயரை மறந்தவனின் கதை

ஒருவர் வஃபாத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தால் நம் வீடுகளில் அடுத்து எழும் கேள்வி, எத்தனை மணிக்கு அடக்கம், எந்த மையவாடியில் என்பதுதான். கடை, வேலை, பயணம் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த ஒரே கேள்வியை மையமாக வைத்து 1980இல் சோவியத் யூனியனில் ஒரு நாவல் வெளிவந்தது. கசாக் புல்வெளியின் நடுவே ஒரு சின்ன ரயில் நிறுத்தம். அங்கே வாழ்நாளெல்லாம் உழைத்த கிழவர் ஒருவர் இறந்துபோகிறார். அவரை எங்கே அடக்குவது? ஒரு பகலில் நடந்து முடிகிற கதைதான். ஆனால் மனிதனிடமிருந்து நினைவைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் என்ன மிஞ்சும் என்ற கேள்வி அந்த ஒரு பகலுக்குள் அடங்காமல் விரிந்துகொண்டே போகிறது.

நாவலின் பெயரைத் தமிழில் ‘நூற்றாண்டினும் நீளும் நாள்’ என்று சொல்லலாம். எழுதியவர் கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ். சோவியத் நூல்கள் மலிவு விலையில் நம் கைக்கு வந்த காலத்தில் ‘ஜமீலா’, ‘முதல் ஆசிரியர்’, ‘குல்சாரி’ ஆகியவற்றைத் தமிழில் படித்தவர்களுக்கு இவர் பழைய நண்பர். மலையும் குதிரையும் காதலுமாக அவரை நினைவில் வைத்திருப்பவர்களை இந்த நாவல் திடுக்கிட வைக்கும். இதில் விண்கலங்கள் வருகின்றன, வேற்றுக்கிரகம் வருகிறது, பூமியையே பூட்டிவைக்கும் அரசுகள் வருகின்றன. துர்க்கனவு உலகைச் சித்திரிக்கும் நாவல்கள் என்றால் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ஐத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதில் பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதி நேற்றைய வரலாற்றை அழிக்கிறார்கள். ஐத்மாத்தவ் காட்டும் அழிப்பு காகிதத்தில் நடப்பதில்லை. மனிதனின் தலையில் நடக்கிறது, பிறகு அவன் முன்னோரின் கப்ருகளில் நடக்கிறது.

கதைநாயகன் எடிகெய் படிப்பில்லாத ரயில்வே தொழிலாளி. முன்பு ஆரல் கடலில் மீன் பிடித்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் போய்க் குண்டு அதிர்ச்சியால் உடல் உடைந்து திரும்பியவர். வேலையின்றி, போக்கிடமின்றி நின்றவரைத் தன் நிறுத்தத்துக்கு அழைத்து வந்து வாழ்வு கொடுத்தவர் கஸங்காப். பின்னாளில் புல்வெளி முழுக்கப் பெயர் பெற்ற கரனார் என்ற ஒட்டகத்தைக் குட்டியாக எடிகெய்க்குக் கொடுத்தவரும் அவர்தான். ஊரென்று சொல்ல அங்கே சில வீடுகள். கோடையில் அனல், குளிரில் பனிப்புயல். கிழக்கே போகும் ரயில்களும் மேற்கே போகும் ரயில்களும் நிற்காமல் கடந்துபோகும். அந்தத் தண்டவாளத்தைப் பனியிலிருந்தும் மணலிலிருந்தும் காப்பதிலேயே இரண்டு நண்பர்களின் ஆயுளும் கழிந்தது.

கஸங்காப் இறந்துவிட்டார் என்று இரவுப் பணியில் இருக்கும் எடிகெயிடம் அவருடைய மனைவி வந்து சொல்கிறார். அதற்குப் பிறகு எடிகெய்க்கு ஒரே உறுதி. நண்பரை அனா-பெயித்தில்தான் அடக்க வேண்டும். முப்பது கிலோமீட்டர் அளவு தொலைவில், புல்வெளிக்குள் இருக்கிறது அந்தப் பழைய மையவாடி. ‘அனா’ என்றால் தாய். ‘பெயித்’ என்ற சொல்லில் நமக்குத் தெரிந்த அரபு ‘பைத்’ ஒலிக்கிறது; அந்த மொழிகளில் அது கப்ரைக் குறிக்கும். தாயின் உறைவிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை, இறந்தவரின் சொந்த மகனிடமிருந்தே வருகிறது. சபித்ஜான் விடுதிப் பள்ளியில் படித்து, நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவன். மனைவி பிள்ளைகளை அழைத்து வராமல் தனியாக வந்திருக்கிறான். பக்கத்தில் எங்காவது புதைத்தால் என்ன, இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா, நான் வேலைக்குத் திரும்ப வேண்டாமா என்பது அவன் நிலை. மகன் கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாதபடி ஐத்மாத்தவ் அவனை எழுதியிருக்கிறார். அவன் நன்றாகப் பேசுவான், நாட்டு நடப்பு அறிந்தவன். எதிர்காலத்தில் வானொலி அலைகளை அனுப்பி மக்கள் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று மேலிருந்தே இயக்குவார்கள் என்று உற்சாகமாக விளக்குகிறான். அதில் அவனுக்குப் பயமே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் எடிகெய்க்குத்தான் உடம்பு சிலிர்க்கிறது.

இந்த இடத்தில் எடிகெய்யின் மனதில் ஓடும் கவலை நம் வாசகர்களுக்கு உடனே புரியும். இறந்தவருக்காக ஓத வேண்டிய துஆக்களை அரைகுறையாகவாவது மனனம் செய்து வைத்திருப்பவர் அங்கே அவர் ஒருவர்தான். இளைஞர்களுக்கு ஒன்றும் தெரியாது. நாளை இவர்கள் எப்படி ஒருவரை ஒருவர் அடக்கம் செய்வார்கள் என்று அவர் யோசிக்கிறார். ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுது அடக்குவது ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும், யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள் என்று நாம் மதரஸாவில் படித்திருப்போம். செய்யத் தெரிந்த கடைசி ஆள் தானாகவே ஆகிவிட்ட ஒருவரின் தனிமை எப்படி இருக்கும் என்பதை இந்த நாவலில்தான் நாம் உணர்ந்தோம்.

சோவியத் ஆட்சியில் மத்திய ஆசியாவின் பெரும்பாலான பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஆனாலும் அடக்கச் சடங்கு மட்டும் விடாப்பிடியாகத் தங்கிவிட்டது. கட்சி உறுப்பினர்களாக வாழ்ந்தவர்களைக்கூடக் குடும்பத்தார் முஸ்லிம்களாகவே அடக்கினார்கள். இதையெல்லாம் ஐத்மாத்தவ் விளக்கிச் சொல்வதில்லை. கரனாருக்குக் குஞ்சம் வைத்த போர்வையைப் போட்டு அலங்கரித்து, அதன் மேல் ஏறி எடிகெய் முன்னால் போகிறார். பின்னால் மையித்தை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு டிராக்டர். அதற்கும் பின்னால் குழி தோண்ட ஓர் இயந்திரம். கூடவே ஒரு நாய் ஓடுகிறது. ஒட்டகமும் இயந்திரமும் சேர்ந்து போகும் இந்த ஊர்வலத்தைக் காட்டினாலே போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

போகிற வழியில்தான் அந்த மையவாடிக்கு ஏன் அந்தப் பெயர் என்ற பழங்கதை வருகிறது. நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதை மட்டும் தனியாகப் படித்துவிட்டு நாவலைப் படித்ததாகச் சொல்பவர்களும் உண்டு.

முன்னொரு காலத்தில் ஜுவான்-ஜுவான் என்ற கூட்டத்தார் அந்தப் புல்வெளியைக் கைப்பற்றினார்கள். பிடிபட்ட இளைஞர்களில் வலுவானவர்களைப் பொறுக்கி எடுத்து அவர்களின் தலையை மழித்தார்கள். அப்போதுதான் அறுத்த ஒட்டகத்தின் தடித்த தோலைத் துண்டாக்கி, ஈரத்தோடு தலையில் இறுக்கிப் பொருத்தினார்கள். இந்தத் தோல் தொப்பிக்கு ‘ஷிரி’ என்று பெயர். கை கால்களைக் கட்டி, தலையைத் தரையில் தேய்க்க முடியாதபடி கழுத்தில் மரக்கட்டை மாட்டி, ஆளரவமற்ற வெளியில் வெயிலில் போட்டுவிடுவார்கள். தண்ணீர் கிடையாது, சோறு கிடையாது. தோல் காயக் காய இரும்பு வளையம்போல இறுகும். மழித்த முடி வளரும்போது தோலைத் துளைக்க முடியாமல் திரும்பித் தலைக்குள்ளேயே குத்தும். பெரும்பாலோர் செத்துப்போவார்கள். பிழைக்கும் ஒருவர் இருவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருப்பார்கள். பெயர், ஊர், குலம், குழந்தைப் பருவம், தாய், தகப்பன், எதுவும் இருக்காது. தான் மனிதன் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அவன்தான் மன்குர்த்.

இதில் நம்மை உறைய வைத்தது சித்திரவதையின் கொடூரத்தைவிட, அதற்குப் பின்னால் இருக்கும் வியாபாரக் கணக்கு. ஒரு மன்குர்த் பத்து அடிமைகளுக்குச் சமம் என்று மதிப்பிட்டார்கள். தங்களுக்குள் நடக்கும் சண்டையில் ஒருவனுடைய மன்குர்த் கொல்லப்பட்டால், சுதந்திர மனிதனைக் கொன்றதற்குக் கட்டும் ஈட்டுத்தொகையைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டும். காரணம் எளிது. சாதாரண அடிமை ஓடப் பார்ப்பான், என்றைக்காவது எதிர்ப்பான், காவல் போட வேண்டியிருக்கும். மன்குர்த்துக்குக் காவல் தேவையில்லை. யாருமே தாங்க முடியாத தனிமையில், வனாந்தரத்தில் ஒட்டகம் மேய்க்க விட்டால் அப்படியே கிடப்பான். பசிக்குச் சோறும் குளிருக்கு ஒரு கந்தையும் போதும். நாய் எஜமானை அறிவதுபோல எஜமானை மட்டும் அறிவான். அடக்குமுறைக்கு நினைவு ஏன் எதிரி என்பதற்குப் பக்கம் பக்கமான அரசியல் விளக்கங்களைவிட இந்த விலைப்பட்டியல் தெளிவாகப் பதில் சொல்கிறது.

நைமான் அனா என்ற தாய் போரில் கணவனை இழந்தவள். தகப்பனுக்காகப் பழிதீர்க்கப் போன மகனும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வழிப்போக்கரான வணிகர்கள் ஒருநாள் ஓர் இளம் மன்குர்த்தைப் பார்த்த கதையைச் சொல்கிறார்கள். அவளுக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளை ஒட்டகத்தில் ஏறித் தனியாகக் கிளம்புகிறாள். தேடித் தேடி மகனைக் கண்டுபிடித்தும் விடுகிறாள். அவனோ நேற்றும் அங்கேயே பார்த்த ஒரு ஆளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்க்கிறான். பெயரைக் கேட்டால் மன்குர்த் என்கிறான். அவள் அவனுடைய உண்மைப் பெயரைச் சொல்கிறாள்: ஜொலாமான். தகப்பன் பெயரைச் சொல்கிறாள்: தோனென்பாய். அது எதுவும் அவனுக்குள் இறங்கவில்லை. இராத்திரியில் நிலாவைப் பார்த்து அதோடு பேச ஆசைப்படுவதாகவும், ஒருவருக்கொருவர் குரல் கேட்பதில்லை என்றும் மட்டும் அவன் சொல்கிறான். அத்தனையும் பிடுங்கிய பிறகும் எங்கோ ஒரு துளி ஏக்கம் தப்பிக் கிடக்கிறது. ஆனால் அது எதற்கான ஏக்கம் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

தாய் மடியில் கிடத்தித் தாலாட்டுகிறாள், ஊட்டுகிறாள், திரும்பத் திரும்ப அதே பெயர்களைச் சொல்கிறாள். எஜமானர்கள் வருவது தெரிந்து ஒளிகிறாள். வந்தவர்கள் அவனிடம், உனக்குத் தாயே கிடையாது, அவள் உன் தொப்பியைக் கழற்றித் தலையை வெந்நீரில் அவிக்கத்தான் வந்தாள் என்று சொல்லி வில்லும் அம்பும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மன்குர்த்துக்கு உலகில் இருக்கும் ஒரே பயம் அதுதான். மகனை அழைத்துப்போக மறுபடி வரும் தாயை அவன் எய்து கொல்கிறான். அவள் விழும்போது தலையிலிருந்து நழுவும் வெள்ளைத் துணி ஒரு பறவையாகி, தோனென்பாய், தோனென்பாய் என்று தகப்பன் பெயரைக் கூவிக்கொண்டு பறக்கிறது. அவளை அடக்கிய இடம் அனா-பெயித் ஆயிற்று.

ஜுவான்-ஜுவான் என்று ஒரு கூட்டத்தார் வரலாற்றில் உண்டு. கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை மங்கோலியப் பகுதியில் பேரரசாக இருந்தவர்கள். ஆனால் இந்தக் கதையை வரலாற்றுச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மன்குர்த் என்ற சொல்லை உலகறியச் செய்தது இந்த நாவல்தான். கதை எந்தக் காலத்தைப் பற்றியது என்பது அன்றைய சோவியத் வாசகர்களுக்கு விளக்காமலே புரிந்தது.

அதே நிறுத்தத்தில் முன்பு வாழ்ந்த அபூதாலிப் என்ற ஆசிரியரின் கதை அதை உறுதிப்படுத்துகிறது. போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி, தப்பி, யூகோஸ்லாவியப் போராளிகளோடு சேர்ந்து சண்டையிட்டவர் அவர். கைதியாக இருந்ததும் குற்றம், யூகோஸ்லாவியாவோடு மாஸ்கோ பகைத்துக்கொண்டபின் அங்கே சண்டையிட்டதும் குற்றம். ஆசிரியர் வேலை போய், மனைவியும் இரண்டு மகன்களுமாக இந்தக் கடைக்கோடிக்கு வந்து சேர்கிறார். பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தன்னிடம் வேறு சொத்து இல்லை என்று, இரவுகளில் தன் நினைவுகளை எழுதி வைக்கிறார். நைமான் அனாவின் கதையையும் எழுதி வைக்கிறார். யாரோ காட்டிக்கொடுக்க, ஸ்டாலினின் கடைசி மாதங்களில் விசாரணை அதிகாரி வந்து அவரையும் அவர் எழுதிய நோட்டுகளையும் கொண்டுபோகிறார். ஒருவர் தன் பிள்ளைகளுக்காக நினைவுகளை எழுதுவதே அந்த அதிகாரிக்குச் சந்தேகமாகத் தெரிகிறது. அபூதாலிப் திரும்பவில்லை. இளைய மகன் மட்டும் ஒவ்வொரு ரயிலையும் பார்த்து, இதில் வாப்பா வருவார் என்று நிற்கிறான். அவனிடம் உண்மையைச் சொல்ல எந்தப் பெரியவருக்கும் வாய் வரவில்லை.

விண்வெளிப் பகுதிக்கு வருவோம். அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து நடத்தும் விண்நிலையத்தில் இருக்கும் இருவர் வேற்றுக்கிரக நாகரிகம் ஒன்றோடு தொடர்புகொள்கிறார்கள். போர் என்றால் என்னவென்றே அறியாத உலகம் அது. அந்தச் செய்தி பூமிக்கு வந்தால் தங்கள் அதிகாரம் ஆட்டம் காணும் என்று இரு வல்லரசுகளும் ஒன்றுபோலப் பயப்படுகின்றன. அந்த இருவரையும் திரும்ப விடாமல், பூமியைச் சுற்றி ஏவுகணைகளால் ஒரு வேலி போட முடிவாகிறது. திட்டத்தின் பெயர் ‘வளையம்’. தலையைச் சுற்றி இறுகிய ஷிரியும் பூமியைச் சுற்றி இறுகும் வளையமும் ஒன்றுதான் என்று வாசகர் தானே கண்டுகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். அந்த விண்வெளி வீரர்களுக்கு நாவல் முழுவதும் பெயரே கிடையாது, எண்கள்தான். உண்மையைச் சொன்னால் இந்தப் பகுதிகள் அலுவலக அறிக்கைபோல வறண்டு கிடக்கின்றன. எடிகெய்யிடம் எப்போது திரும்புவோம் என்றிருக்கும். பொறுமையிழந்து தாண்டிப் போனாலும், ஒட்டக ஊர்வலம் போய்ச் சேரும் இடத்தில் இரண்டு கதைகளும் மோதிக்கொள்ளும் என்பதற்காக அவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மோதல் ஒரு முள்வேலியில் நடக்கிறது. அனா-பெயித் இருக்கும் நிலம் விண்வெளித் தளத்தின் எல்லைக்குள் போய்விட்டது. கசாக் நிலத்தில் 1955 முதல் உருவான பைக்கனூர் தளத்தை அறியாதவர் இல்லை. 1961இல் யூரி ககாரின் விண்ணுக்குப் போனது அங்கிருந்துதான். நாவலில் வருவது கற்பனைத் தளம் என்றாலும் நிலம் அதே நிலம். காவலுக்கு இருக்கும் இளம் அதிகாரி ஒரு கசாக்கியர். தன் இனத்து ஆளைப் பார்த்ததும் எடிகெய்க்கு நிம்மதி. தாய்மொழியில் விஷயத்தைச் சொல்லத் தொடங்குகிறார். அந்த இளைஞனோ பணியில் இருப்பதால் ரஷ்ய மொழியில் பேசுமாறு சொல்லிவிடுகிறான். அவனுடைய குடும்பப் பெயர், அன்று அபூதாலிபைக் கொண்டுபோன விசாரணை அதிகாரியின் பெயரேதான். மையவாடியைச் சமன் செய்து அங்கே குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்றும் தெரியவருகிறது.

அடக்கத்துக்கு மையித்தைக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே நிற்பதைப் போல ஒரு அவமானம் உண்டா? எடிகெய் கத்தவில்லை. பக்கத்திலேயே, நைமான் அனா மகனுக்காக அழுத இடம் என்று சொல்லப்படும் மேட்டில் நண்பருக்குக் குழி தோண்டுகிறார். கிப்லாவை நோக்கி அடக்கி, தனக்குத் தெரிந்ததை ஓதுகிறார். அந்த ஓதலின்போது அவர் மனதில் ஓடுவது ஒரு ஆலிமின் உறுதி இல்லை. இறைவன் இருக்கிறான் என்று நம்ப விரும்பும், சந்தேகத்தோடு மல்லுக்கட்டும் ஒரு சோவியத் தொழிலாளியின் பேச்சு அது. இதை மறைத்து, இது இஸ்லாமிய நாவல் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த மனிதர் வந்திருந்தவர்களிடம், நான் செத்தால் என்னையும் இங்கேயே அடக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். பிறகு மையவாடியைக் காப்பாற்ற மேலதிகாரிகளிடம் போய்ப் பேசலாம் வா என்று சபித்ஜானைக் கூப்பிடுகிறார். உத்தியோகத்துக்கு ஆபத்து என்று மகன் பின்வாங்குகிறான். அப்போதுதான் எடிகெய்யின் வாயிலிருந்து அந்தச் சொல் வருகிறது: மன்குர்த்.

இப்படி ஒரு நாவலைப் பிரெஷ்னேவ் காலத்துத் தணிக்கை எப்படி விட்டது என்று யாரும் கேட்பார்கள். நாயகன் உழைக்கும் வர்க்கம். விண்வெளிச் சதியில் அமெரிக்காவுக்கும் சம பங்கு உண்டு. கொடுமையெல்லாம் பழங்கதையில் யாரோ ஜுவான்-ஜுவான் செய்தது. எழுதியவரோ லெனின் பரிசு பெற்றவர், சோசலிச உழைப்பு வீரர் பட்டம் பெற்றவர். ‘நோவி மீர்’ இதழில் 1980 நவம்பரில் நாவல் வந்தது; 1983இல் அதற்கு அரசுப் பரிசே கிடைத்தது. ஐத்மாத்தவ் சிறைக்குப் போன எதிர்ப்பாளர் இல்லை. அந்த அமைப்புக்குள்ளேயே உயர்ந்து, பின்னாளில் தூதராகவும் ஆனவர். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உள்ளே இருந்ததால்தான் இதை அச்சில் கொண்டுவர முடிந்தது என்பதும் உண்மை.

நாவல் மத்திய ஆசியர்களின் நெஞ்சில் தைத்ததற்கு ஒரு நேரடிக் காரணம் இருந்தது. கிர்கிஸ், கசாக் மொழிகளை 1920களின் பிற்பகுதி வரை அரபு எழுத்தில் எழுதினார்கள். பிறகு அரசு லத்தீன் எழுத்துக்கு மாற்றியது. 1940 வாக்கில் மறுபடி கிரில்லிக் எழுத்துக்கு மாற்றியது. ஒரே தலைமுறைக் காலத்துக்குள் மூன்று எழுத்துகள்! பாட்டனார் எழுதி வைத்த கடிதத்தைப் பேரனால் வாசிக்க முடியாது. கிதாபு கையில் இருந்தாலும் கண்ணுக்கு அது வெறும் கோடுகள். யாருடைய தலையிலும் ஒட்டகத் தோலைக் கட்டத் தேவையிருக்கவில்லை.

1980களின் இறுதியில் பேச்சுச் சுதந்திரம் கொஞ்சம் திறந்ததும் மன்குர்த் என்ற சொல் சோவியத் குடியரசுகளின் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பரவியது. 1990இல் துர்க்மெனிய இயக்குநர் கோஜாகுலி நர்லியேவ் அதே பெயரில் படமும் எடுத்தார். ஆனால் சொல் சீக்கிரமே வசவாக மாறிவிட்டது. தாய்மொழி சரியாகப் பேச வராதவனைப் பார்த்து மன்குர்த் என்றார்கள். வேற்று மொழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவனை மன்குர்த் என்றார்கள். அரசியல் எதிரியையும் அப்படியே திட்டினார்கள்.

இந்தப் பயன்பாட்டில் நமக்கு உடன்பாடில்லை. எடிகெய்யே அந்தச் சொல்லைக் கோபத்தில் வீசுகிறார் என்பது சரி. ஆனால் பழங்கதையில் மன்குர்த் துரோகி இல்லை. அவன் கொடுமைக்கு ஆளானவன். தன் விருப்பத்தால் எதையும் மறக்கவில்லை. அவனைப் பெற்றவள் அவனிடம் போய், உனக்கு வெட்கமில்லையா என்று கேட்கவில்லை. உன் பெயர் இது, உன் தகப்பன் பெயர் இது என்று மட்டும் சொன்னாள். கேட்காதபோதும் சொன்னாள். திட்டுகிறவர்களிடம் இந்தப் பொறுமை காணக் கிடைப்பதில்லை. விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுவனுக்கு ஜனாஸாவின் முறை தெரியவில்லை என்றால், அவனுக்கு அது எப்போது யாரால் சொல்லப்பட்டது என்று கேட்பதும் நியாயம்தானே? சபித்ஜானைப் பற்றிய நாவலின் தீர்ப்பு கொஞ்சம் அவசரமானது என்றே நமக்குப் படுகிறது.

அந்தத் தாய் தகப்பன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்குப் பின்னால் ஐத்மாத்தவின் சொந்த வாழ்க்கை இருக்கிறது. அவர் 1928இல் தலாஸ் பள்ளத்தாக்கில் ஷேக்கர் என்ற கிராமத்தில் பிறந்தார். கிர்கிஸ் மரபில் ஆண்பிள்ளை ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கிராமத்துப் பெரியவர்கள் சிறுவர்களை நிறுத்திக் கேட்பார்களாம். சொல்லத் தெரியாவிட்டால் குடும்பத்துக்கே தலைகுனிவு. அவருடைய தகப்பனார் தொரேகுல் ஐத்மாத்தவ் கிர்கிஸ் கம்யூனிஸ்டுகளின் முதல் தலைமுறைத் தலைவர்களில் ஒருவர். மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த அவர், 1937இல் கைதுகள் நெருங்குவது தெரிந்து மனைவி நகீமாவையும் நான்கு பிள்ளைகளையும் கசான் ரயில் நிலையத்தில் ஊருக்கு ரயிலேற்றிவிட்டார். அதன்பின் அவர்கள் அவரைப் பார்க்கவே இல்லை. சிங்கிஸுக்கு அப்போது 9 வயதுகூட நிறையவில்லை. ரயிலைப் பார்த்துத் தகப்பனுக்காக நிற்கும் சிறுவனை நாவலில் எழுதியவர் அதை எங்கிருந்து எடுத்தார் என்று தேட வேண்டியதில்லை.

மக்கள் விரோதியின் மகன் என்ற பட்டத்தோடு பள்ளிக்குப் போன சிறுவனிடம் ஊர் ஆசிரியர் ஒருவர், தகப்பன் பெயரைச் சொல்லும்போது ஒருபோதும் தலையைத் தாழ்த்தாதே என்று அறிவுறுத்தியதை ஐத்மாத்தவ் பின்னாளில் நன்றியோடு எழுதினார். 1957இல் தொரேகுல் நிரபராதி என்று அரசு அறிவித்தது. கப்ரு எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. 1963இல் வந்த ‘அன்னை வயல்’ கதையை, எங்கே அடக்கப்பட்டார் என்று தெரியாத தகப்பனுக்கும் பிள்ளைகளை வளர்த்த தாய்க்கும் அவர் காணிக்கையாக்கினார். நகீமா 1971இல் காலமானார். அவருக்கு அந்த இடம் கடைசிவரை தெரியவில்லை.

நாவல் வெளிவந்து 11 ஆண்டுகள் கழிந்து, 1991இல், பிஷ்கெக் நகருக்கு அருகே சோங்-தாஷ் என்ற இடத்தில் ஒரு பழைய செங்கல் சூளையைத் தோண்டினார்கள். 1938இல் சுட்டுக் கொல்லப்பட்ட 137 பேரின் எச்சங்கள் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த இடத்தில் காவல் இருந்தவர் சாகும் தறுவாயில் தன் மகளிடம் ரகசியத்தைச் சொல்லியிருந்தார். சொன்னால் ஆபத்து என்ற காலம் போகும்வரை அந்தப் பெண் பல ஆண்டுகள் அதை மனதில் வைத்துக் காத்திருந்து, பிறகு வாய் திறந்தார். ஆடைகளில் தங்கியிருந்த காகிதங்களில் ஒன்று தொரேகுல் ஐத்மாத்தவின் பெயர் எழுதிய குற்றப்பத்திரிகை. 53 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பிள்ளைகள் தகப்பனை அடையாளம் கண்டார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி 137 பேரையும் முறையாக மறுபடி அடக்கினார்கள். மறுநாள் கிர்கிஸ்தான் சுதந்திரம் அறிவித்தது. நாவலில் அனா-பெயித் என்று ஒரு மையவாடியைக் கற்பனை செய்தவர், இந்த இடத்துக்கு அதா-பெயித் என்று பெயர் வைத்தார். ‘அதா’ என்றால் தகப்பன். 2008இல் கசான் நகரில் இருந்தபோது நோயுற்று, ஜூன் 10 அன்று ஜெர்மனியின் நூரெம்பெர்க் மருத்துவமனையில் ஐத்மாத்தவ் காலமானார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து, அதா-பெயித்தில் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.